ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும்

1

இந்த ஆஸ்பத்திரியில் என் கை படாமல் ஒரு ஆபரேஷன்கூட நடக்காது. இதைப் படித்ததும், எடமலைப்பட்டி புதூர் ஆள் ஒருத்தன் இங்கிலாந்தில் பெரிய சர்ஜன் ஆகிவிட்டான் போலிருக்கிறது என்று யாராவது பெருமைப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பொய். நான் கட்டில் தள்ளுகிறவன். வார்டிலிருந்து தியேட்டர் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் கட்டிலை இழுத்துக்கொள்வார்கள், என் மூக்குக்கு நேரே கதவு மூடிக்கொள்ளும். என் கை படுவது கட்டில் கம்பியில்தான்.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஒரே மார்க் வாங்கியவன் நான். அதற்குப் பிறகு திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மன்னார்புரம் போகிற தனியார் பஸ்ஸில் படியில் தொங்கினேன். கண்டக்டர் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். விசில் அடித்து ஆள் ஏற்றுகிற வேலை. "உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம். அமுதா நர்ஸ். அவளுக்கு இந்த ஊர் வேலை கிடைத்தது. விசா பாரத்தில் 'கணவர்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதில் நான் ஏறிக்கொண்டேன். பிச்சைமுத்து என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. பீட் ஆனேன்.

இன்று காலை சூப்பர்வைசர் கூப்பிட்டு, மூன்றாவது மாடிக் கோடியில் ஒரு பழைய போர்டு இருக்கிறது, கழற்றிக் குப்பையில் போடு என்றார். கொரோனா காலத்துப் போர்டு. மற்றதையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள். இது மட்டும் ஒரு பீரோவுக்குப் பின்னால் மறைந்து நின்றிருக்கிறது. மஞ்சள் நிறம். ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும், அதுவும் முன் அனுமதியோடு, என்று ஏழு மொழியில் எழுதியிருந்தது. தமிழ் இல்லை. தமிழில் இருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனாக்கும்.

குப்பையில் போடவில்லை. கோட்டுக்குள் செருகி, மார்பில் பலகை கட்டியவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கீழே செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. அமுதாவுக்கு ஐந்து மணிக்கு டியூட்டி முடியும். அதற்குள் இதை எழுதிவிடலாம் என்று மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர் கார்டு என்று ஒன்று கொடுப்பார்கள், தெரியும்தானே. ஒரு நோயாளிக்கு ஒரு கார்டு. அந்தக் கார்டு வைத்திருப்பவர் மட்டும் மாடிக்குப் போகலாம்.

என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு பேர். கார்டு ஒன்று. நான் இரண்டாவது மாடி ஜன்னலில் நின்றுகொண்டேன். கார்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்கினேன். பெரியப்பா அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலே வந்தார், அப்பாவைப் பார்த்தார், ஆரஞ்சுப் பழத்தை வைத்தார், கார்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மறுபடி பை இறங்கியது. அடுத்து அத்தை. அடுத்து அத்தை வீட்டு மாமா. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேரும் பார்த்தாகிவிட்டது.

வாசல் வாட்ச்மேனுக்கு இது தெரியாதா? அவர் தலைக்கு மேலேதான் பை போய்வந்துகொண்டிருந்தது. அவர் ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, "தம்பி, கொஞ்சம் ஓரமா இறக்குங்க, டீ கிளாஸ்ல இடிக்குது" என்றார்.

நம் ஊரில் சட்டம் என்றால் இதுதான் என்று நான் பாடம் படித்தது அன்றைக்கு. எழுதி வைப்பது ஒருத்தருக்கு; போவது எல்லோரும். ஆஸ்பத்திரியில் ஒருத்தர் தனியாகப் படுத்திருந்தால் அவருக்கு யாரும் இல்லை என்று அர்த்தம். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

3

கொரோனாவின் முதல் வருஷம். அப்போது அமுதா கொரோனா வார்டில். நான் இருதய நோயாளிகள் வார்டில். அங்கே ஆறு கட்டில் போட்ட ஒரு அறையில், இரண்டாம் கட்டிலில் ஒரு பெரியவர். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டில் சக்கரம் மக்கர் பண்ணியது. நான் அதைத் தமிழில் நாலு வார்த்தை திட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "திருச்சியா?" என்றார். நான் திட்டிய வார்த்தையிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் கைலாசபுரத்தில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்து, ரிட்டையர் ஆன பிறகு ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டிக் குடிபோனவர். கோபாலன் மாமா. மகன் ரகுவைப் பார்க்க மூன்று மாதத்துக்கு என்று மாமியோடு வந்திருக்கிறார். விமானம் நின்றுபோனது. பிறகு இருதயம் முரண்டு பிடித்தது.

யாரையும் உள்ளே விடாத காலம். டாக்டர் கையை விரித்துவிட்ட நோயாளிகளுக்கு மட்டும் சலுகை உண்டு: ஒரே ஒரு ஆள், பெயர் எழுதிக் கொடுத்த ஆள், நாளைக்கு ஒரு மணி நேரம், கழுத்தில் ஒரு அட்டையோடு. மாமாவுக்கு அந்த அட்டை வந்துவிட்டது. இங்கிலீஷ் தெரியும், டாக்டரோடு பேச வேண்டும் என்பதற்காக ரகுவின் பெயரைக் கொடுத்தார்கள். மாமி தினமும் மகனோடு வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்பாள். ஸ்வெட்டர், அதற்கு மேல் புடவை முந்தானை, காலில் சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்பு. மூன்றாவது மாடியில் எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எனக்குள் இருந்த விசில்காரன் விழித்துக்கொண்டான். ஒரு நாள் ரகு உள்ளே போன இருபது நிமிஷத்தில் வெளியே வந்தான். அட்டையைக் கொடு, கோட்டையும் கழற்று என்றேன். அவனுடைய கோட்டை மாமிக்கு மாட்டினால் அது கோட்டாக இல்லை, தேருக்குப் போர்த்திய சீலை மாதிரி இருந்தது. மாஸ்க் போட்டு, வீல்சேரில் உட்கார வைத்து, போர்வை போர்த்தி, பின்பக்க லிஃப்டில் ஏற்றினேன். வீல்சேரில் இருப்பவரையும் அதைத் தள்ளுகிறவனையும் ஆஸ்பத்திரியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வார்டு வாசலில் அட்டையை மட்டும் பார்த்தார்கள். முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லோருக்கும் பாதி முகம்தான்.

லிஃப்டில் மாமி கேட்டாள்: "முத்து, இது தப்பில்லையோ?"

"உள்ள இடம் இருக்கு மாமி" என்றேன்.

மாமா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மோட்டாரை நிறுத்தினியோ?" என்றார். மனசு ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்தது. மாடித் தொட்டி நிரம்பி வழியுமே என்ற கவலை.

"நிறுத்திட்டேன்னா" என்றாள் மாமி. அவர் தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். மாமி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ரகு, மாமி, ரகுவின் மனைவி என்று மூன்று பேர். ஒரு அட்டை. ஒரு மணி நேரத்தை இருபது இருபதாகப் பிரித்தேன். கயிறும் பையும் மட்டும்தான் குறைச்சல். அத்தனை நாள் இந்த ஊரில் நான் யாருக்கும் ஒன்றுக்கும் உதவாத ஆளாக இருந்தேன். அந்த இரண்டு நாள் நான் பீட் இல்லை, பிச்சைமுத்து.

4

அமுதா அப்போது வீட்டுக்குள்ளேயே தனியாக இருந்தாள். பின்வாசல் வழியாக வருவாள், குளிப்பாள், சின்ன அறையில் தனியாகப் படுப்பாள். எனக்கும் மகள் நிவேதாவுக்கும் தொற்றிவிடக் கூடாது என்று. சாப்பிடும்போது அவள் பின்வாசல் படியில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள், நான் சமையலறை மேஜையில். நடுவில் கதவு திறந்திருக்கும். குளிர் உள்ளே வரும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் பேசுவோம்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் என் பராக்கிரமத்தை அவளுக்குச் சொன்னேன். கோட்டு, வீல்சேர், லிஃப்ட், எல்லாம். நடித்தே காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அந்த அறையில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாள். ஆறு என்றேன்.

"மத்த அஞ்சு பேரோட வீட்டாளுங்க எங்க இருந்தாங்க?"

அவர்கள் வீட்டில் இருந்தார்கள். போர்டைப் படித்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்டு, போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

"நாளைக்குக் காலையில நீங்களே போய் சொல்லிடுங்க" என்றாள். "இல்லன்னா நான் சொல்ற மாதிரி ஆயிடும்."

புருஷன் பெண்டாட்டிக்குள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். காலையில் நான் வழக்கம்போல் வேலைக்குப் போனேன், யாரிடமும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். பெயர், நேரம், லிஃப்ட் நம்பர் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லிஃப்ட் நம்பரை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

5

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரக் கூடாது. நாலாவது நாள் கடுதாசி வந்தது. எனக்கு இங்கிலீஷில் கடை போர்டு படிக்க வரும், கடுதாசி படிக்க வராது. அமுதாவிடம் கொடுக்க மனசு வரவில்லை. நிவேதாவைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்குப் பத்து வயசு. சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்கூலில் பாடம் படிப்பது போல் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

"இதுக்குத் தமிழ்ல தெரியல அப்பா. நீங்க ரொம்ப ரொம்ப பெரிய தப்பு பண்ணிட்டீங்கன்னு போட்டிருக்கு."

"அவ்வளவுதானா, நான் வேற என்னவோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கடுதாசியை மடிப்பு மாறாமல் மடித்து என்னிடம் கொடுத்தாள். இப்போது அவளுக்குப் பதினைந்து. என்னோடு இங்கிலீஷில்தான் பேசுகிறாள், நான் தமிழில் பதில் சொல்கிறேன். என் கடுதாசிகளை இப்போது போனே படித்துச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

விசாரணையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எனக்காக மொழிபெயர்க்க ஒருவரைப் போனில் ஏற்பாடு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கினம்" என்றார். கேள்வி புரிவதற்கே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு, எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் யாரையும் தனியாக விட மாட்டோம், கார்டு ஒன்றுதான் இருக்கும், அதைக் கயிற்றில் கட்டி இறக்குவோம் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் இங்கிலீஷில் மூன்றே வார்த்தை சொன்னார். என்ன சொன்னாரோ, அந்தப் பக்கம் மூன்று பேரும் தலை குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் நடுவில் இருந்த அம்மா ஒன்று சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, மெதுவாகச் சொன்னார். அந்த அறையில் நாலாம் கட்டிலில் இருந்தவருக்குக் கொரோனா வந்துவிட்டது. உன்னால்தான் என்று எங்களால் சொல்ல முடியாது. உன்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

நாலாம் கட்டில்காரரை எனக்குத் தெரியும். நான் எந்தக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாலும் தன் கையால் ஸ்டியரிங் பிடிப்பது போல் காட்டி, ஹாரன் அடிப்பார். நானும் பதிலுக்கு விசில் அடிப்பேன். அவரை அமுதாவின் வார்டுக்குத்தான் மாற்றியிருந்தார்கள்.

வேலை போகவில்லை. கடைசி எச்சரிக்கை என்று எழுதிக் கொடுத்து, ஒரு வருஷம் கீழே அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, நோயாளி கிடையாது, பேச்சு கிடையாது. மூட்டை வரும், பிரிப்பேன், மூட்டை போகும். என் ஜோக்குகளை வாஷிங் மெஷினிடம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் மாமா போய்விட்டார். பக்கத்தில் ரகு இருந்தான், அட்டையோடு. மாமி கார் நிறுத்துமிடத்தில் இருந்தாள்.

அமுதாவும் நானும் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டம். ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நாலாம் கட்டில்காரர் என்ன ஆனார் என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. கொரோனா போய், அவள் சின்ன அறையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஆனால் இருவரும் வேறு வேறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஃபிரிட்ஜில் எனக்கான சாம்பார் டப்பாவில் வெள்ளை டேப் ஒட்டி என் பெயரும் தேதியும் எழுதியிருப்பாள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிற பாட்டில் மாதிரி. நல்ல ருசியாக இருக்கும். தனியாகச் சாப்பிடுவேன்.

6

போன தை மாதம் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தனியாக ஊருக்குப் போனேன். அமுதாவுக்கு லீவு இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். ஒரு நாள் சத்திரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ரகு அட்ரஸ் அனுப்பியிருந்தான். பஸ் படியில் ஒரு பையன் விசில் அடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இடமே இல்லை, இருக்கிறது என்றான். நான் ஏறிக்கொண்டேன்.

மாமி தனியாகத்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிவிட்டு, மோட்டார் ஓடுகிறது என்று எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தாள். காபி கொடுத்தாள். எனக்கு இங்கே வேலையில் தண்டனை ஆனதை ரகு சொன்னானாம். யார் காட்டிக் கொடுத்தது என்று நான் அவனிடம் புலம்பியதும் மாமிக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்க ஆத்துக்காரி பேர்ல கோபமா இருக்கேளா?" என்றாள்.

இல்லை மாமி, அவள் ரூல்ஸ் பார்க்கிற ஆள், நான் கயிறு கட்டுகிற ஆள், ஜோடிப் பொருத்தம் அப்படி என்று ஏதோ ஜோக் அடித்தேன்.

மாமி சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. ரெண்டாம் நாள் கார்த்தால எழுந்துக்கும்போதே நேக்குத் தொண்டை கரகரன்னு இருந்தது. உடம்பும் சுட்டது. ரகுகிட்டகூட மறைச்சுட்டேன். ஒரு மாத்திரையப் போட்டுண்டு வந்து உங்க வண்டில உக்காந்துட்டேன். சொன்னா நீங்க அழைச்சுண்டு போக மாட்டேள்னு தெரியும்."

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் பெருமாள் திருவடி சேர்ந்துட்டார். அவருக்கு நான் வந்தது தெரியும், அது போதும் நேக்கு. ஆனா அந்த அறையில இருந்தவாளை நினைச்சுண்டா இன்னிக்கும் தூக்கம் வரலை. உங்க ஆத்துக்காரி பண்ணினதுதான் சரி. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லுங்கோ. மறக்காம சொல்லணும்."

சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து மாதம் ஆகிறது. சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், நான் என்ன தியாகியா, உண்மையைச் சொல்கிறேன். அவள் காட்டிக் கொடுத்தவள், நான் காட்டிக் கொடுக்கப்பட்டவன். இத்தனை வருஷமாக அந்த சீட்டில் ஜன்னலோரமாக வசதியாக உட்கார்ந்திருக்கிறேன். மாமி சொன்னதைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து எழுந்துவிட வேண்டும். அதற்கப்புறம் நாலாம் கட்டிலைப் பற்றியும் கேட்டாக வேண்டும். அமுதா அவருக்கு எத்தனை நாள் பக்கத்தில் நின்றாளோ, அவர் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தாரோ, அடிக்க முடிந்ததோ, இதையெல்லாம் அவள் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டு டப்பாவில் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

போர்டை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அதைப் பார்த்தால் அவளே ஆரம்பித்துவிடுவாள், எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்திருப்பேன். கோழை போடுகிற கணக்கு வேறு எப்படி இருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். "அமுதா, ஸ்ரீரங்கத்துல மாமி உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்று ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் நேராக, "அந்த நாலாம் கட்டில்காரர்" என்று

கீழே கதவு திறக்கிற சத்தம். சாவியை ஆணியில் மாட்டுகிறாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. இன்னொன்று விழவில்லை.

"ஏங்க." நான் மாடியில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "இந்த போர்டு எதுக்கு நம்ம வீட்ல இருக்கு? கொஞ்சம் கீழ வாங்க."